மங்குப் பாஷை

"அம்மையே, இந்தப் பாத்திரம் ஏன் கவிழ்ந்து இருக்கின்றது?"

பின்னாலிருந்து குரல் வந்ததும் பஞ்சாலை உளியும் கையுமாகத் திரும்பினாள். புதிதாக வந்திருந்த சின்ன துரை நின்றுகொண்டிருந்தார். வெயிலில் மூக்கு தக்காளிப் பழமாகச் சிவந்திருந்தது. தமிழ்ப் பரீட்சையில் தேறினால்தான் வேலை நிரந்தரமாகும் என்று பெரிய துரை சொல்லிவிட்டதால், பாவம், முன்ஷி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அவளை இதுவரை யாரும் அம்மையே என்று கூப்பிட்டதில்லை. முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அது பாத்திரம் இல்லைங்க தொரை. மங்கு. மரத்துப் பாலு வடியிற மங்கு."

"மங்கு," என்றார் துரை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "ஏன் கவிழ்ந்தது?"

"அதுவா கவுழல. நான்தான் கவுத்து வச்சேன். பட்டை வெடிச்சிருக்கு பாருங்க, இந்த மரத்துக்கு ஒடம்பு சரியில்ல. நாளைக்கு என் நெரையில வேற யாராச்சும் வெட்ட வந்தா, கவுந்த மங்கைப் பார்த்துட்டு மரத்தைத் தொடாம போயிருவாங்க."

துரையின் கண் விரிந்தது. நாலு மரம் தள்ளி ஒரு மங்கில் பச்சை இலை செருகியிருந்தது. அதைக் காட்டினார்.

"அது குளவி. மேல கூடு கட்டியிருக்கு."

"அங்கே குச்சி?"

"குறுக்க குச்சி வச்சா பாம்பு. அந்தப் பக்கம் போகாதீங்க, காலையில சுருண்டு கெடந்துச்சு."

துரை போகவில்லை. பாம்பையும் மறந்து, ஒவ்வொரு மங்காகப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது மொழி!" என்றார். "எழுத்து இல்லாத மொழி!"

"அவ்ளோ பெரிய பேரெல்லாம் வேணாம் தொரை. நாங்க மங்குப் பாஷைன்னுதான் சொல்லுவோம்."

பெடாஸ் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருந்தது அந்தத் தோட்டம். மங்குப் பாஷையை யார் தொடங்கினார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஜப்பான்காரன் காலத்தில் வாய் திறந்து பேசப் பயந்து கண்டுபிடித்தது என்று சிலர் சொன்னார்கள். காரணம் எதுவானாலும் தேவை இருந்தது. ரப்பர் மரம் வெட்டும் இடத்தை அவர்கள் காடு என்பார்கள். விடிந்ததும் காட்டுக்குப் போவார்கள். பால் எடுத்ததும் காட்டிலிருந்து வருவார்கள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் புலியும் பன்றியும் திரிகிற நிஜ வனத்துக்கு மலாய்க்காரர் சொல்லும் ரிம்பா என்ற பெயரே இவர்கள் வாயிலும் நிலைத்துவிட்டது. காட்டில் ஆளுக்கு ஒரு நிரை, மர வரிசை. கூப்பிட்டால் கேட்காத தூரம். சொல்ல வேண்டியதை மரத்தில் தொங்கும் மங்கில் சொல்லி வைத்துவிட்டுப் போனால், பின்னால் வருகிறவர் படித்துக்கொள்வார்.

அன்றிலிருந்து சின்ன துரை தினமும் பஞ்சாலையின் நிரைப் பக்கம் வந்தார். அவளும் சளைக்காமல் சொல்லிக் கொடுத்தாள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத வாய் அவளுக்கு. ஒருநாள் துரை தாமே நாலு மரத்தில் மங்கு வைத்து, "படியுங்கள் அம்மையே!" என்றார்.

பஞ்சாலை படித்தாள். "பாம்புக்கு ஒடம்பு சரியில்ல. குளவி பசியாற வரவும்."

துரைக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு மங்கின் மேல் இன்னொரு மங்கை மூடி வைத்தால் பசியாற வா என்று அர்த்தம். உள்ளே உனக்குச் சாப்பாடு இருக்கிறது என்று பொருள். அந்த அடையாளம்தான் துரைக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. போகிற இடமெல்லாம் மூடின மங்கு இருக்கிறதா என்று தேடினார்.

இதைக் கேட்டு அவள் தம்பி அர்ச்சுனன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏங்க்கா, ஊர்ல உள்ள அம்புட்டையும் தொரைக்குப் பாடம் எடுக்கிறியாமே? வேலையை மேல்பார்க்க மண்டோரு வந்தா மங்கைத் திருப்பி வைப்போமே, அதையும் சொல்லிட்டியா?"

"போடா. அதைச் சொல்லுவேனா? எனக்கு அறிவு இல்லையா?"

"அந்த மட்டும் பொழச்சோம்," என்றான் அர்ச்சுனன். அவன் பெண்டாட்டி லெட்சுமி அடுப்படியிலிருந்து சிரித்தாள். "அக்காவை ஏன் ஏசுறீங்க? தொரைக்குப் பாஷை வந்துட்டா நாளைக்கு உங்களுக்கும் பசியாற வச்சிட்டுப் போவாரு லா!"

தாய் செத்தபோது அர்ச்சுனன் கைக்குழந்தை. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தபோது பஞ்சாலையின் இடுப்பில்தான் வந்தான். இறக்கி விட்டால் அழுவான் என்று ஏழு வயதுப் பெண்ணான அவளே தூக்கித் திரிந்தாள். அவன் வாய் நீண்டாலும் அவளுக்குக் கோபம் வராது.

மறு வருஷம் எல்லாம் மாறிவிட்டது.

கம்யூனிஸ்டுக்காரர்கள் ரிம்பாவிலிருந்து இறங்கி வந்து லிங்கிப் பக்கத் தோட்டமொன்றில் லாரியைக் கொளுத்தினார்கள். அவசரகாலச் சட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி ஏறியது. வாசலில் போலீஸ் நின்றது. தோட்டத்து ஆட்கள் சாப்பாடு கொடுப்பதால்தான் ரிம்பாக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அரசாங்கம் முடிவு கட்டியது. ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. தூக்கு வாளியைத் திறந்து பார்த்தார்கள். பெண்களின் மடியைத் தடவிப் பார்த்தார்கள். விடிகாலை காட்டுக்குப் போனவர்கள் மத்தியானம் திரும்பும்வரை பச்சைத் தண்ணீர்தான்.

எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார்கள். லெட்சுமியால் முடியவில்லை. அவளுக்கு ஆறு மாதம். இரண்டு தரம் மரத்தடியில் மயங்கி விழுந்தாள். வேலைக்குப் போகாமல் இருந்தால் ரேஷன் அரிசி குறையும். போனால் வயிற்றுக்குள் இருப்பது தாங்காது.

அர்ச்சுனன் ஒருநாள் பால் வாளியின் அடியில் கோணித்துணிக்குக் கீழே இரண்டு துண்டு அவித்த மரவள்ளிக்கிழங்கை ஒளித்துக் கொண்டுபோனான். அவன் நிரையின் கடைசி மரம் எல்லைக்கல்லை ஒட்டி நின்றது. அடுத்த நிரை லெட்சுமியுடையது. கிழங்கை மங்கில் போட்டு, இன்னொரு மங்கால் மூடிவிட்டு வந்தான். அவள் வந்து தின்றுவிட்டுப் போனாள். மறுநாளும் வைத்தான். அதற்கடுத்த நாளும்.

பஞ்சாலைக்கு இது தெரியும். அவளே கிழங்கு அவித்துக் கொடுத்திருக்கிறாள்.

ஒரு வியாழக்கிழமை போலீஸ் பட்டாளம் ரோந்து வந்தது. வழி காட்டச் சின்ன துரையும் கூட வந்தார். எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் கண்ணில் பட்டது அது. ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த அடையாளம்.

"பசியாற வா!" என்று உற்சாகமாகக் கத்தினார் துரை. கூட வந்த போலீஸ் துரைக்கு இங்கிலீஷில் அதை விளக்கியும் சொன்னார்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அதற்குள் போலீஸ் துரை மேல் மங்கை எடுத்துவிட்டார். உள்ளே கிழங்கு சூடு ஆறாமல் இருந்தது. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ரிம்பா இருட்டாக நின்றது.

அர்ச்சுனனை அவன் நிரையிலேயே பிடித்தார்கள். கையைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது அவன் பஞ்சாலையைப் பார்த்தான். திட்டவில்லை. "அக்கா, அவளைப் பார்த்துக்க," என்று மட்டும் சொன்னான்.

சின்ன துரையை அந்த வாரமே லிங்கிப் பக்கத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன் அவர் லயத்துப் பக்கம் வரவில்லை.

பஞ்சாலைக்குச் சோறு இறங்கவில்லை. தான் சொல்லிக்கொடுத்த சொல்லால்தான் தம்பி உள்ளே போனான். அதனால் தான் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னால் வெளியே வந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. மங்குப் பாஷை முழுசும் தெரிந்தால், கிழங்கு யாருக்கு வைத்தது என்பது போலீசுக்கும் விளங்கிவிடும் அல்லவா?

மண்டோர் சன்னாசி தடுத்துப் பார்த்தார். "ஒனக்கு எதுக்கு இந்த சூசா, இந்தத் தொல்லை? போலீசுக்கிட்ட வாயைக் குடுத்தவன் யாரு நல்லாருந்தான்?"

"உள்ளதைத்தானே மண்டோரே சொல்லப் போறேன்? பொய்யா சொல்லப் போறேன்?"

"நீ சொல்றது கெடக்கு. அவன் என்னத்தைக் கேட்பானோ!" என்றார் சன்னாசி.

பெடாஸ் போலீஸ் ஸ்டேஷனில் போலீஸ் துரைக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அதற்காகச் சிரம்பான் கோர்ட்டிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். பெயர் திருநாவுக்கரசு. யாழ்ப்பாணத்தில் படித்தவர். கஞ்சி போட்ட கால்சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. தோட்டத்துக்குள் கால் வைத்துப் பழக்கமில்லாதவர். ஆனால் கெட்டவர் இல்லை. பஞ்சாலை தரையில் உட்காரப் போனபோது, "நாற்காலியில் அமருங்கள் அம்மா," என்றார்.

அந்த மரியாதையிலேயே அவளுக்குப் பாதி தைரியம் வந்தது. கொட்டித் தீர்த்தாள். கவிழ்ந்த மங்கு, இலை செருகிய மங்கு, குச்சி வைத்த மங்கு எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை என்று அவர்கள் நம்ப வேண்டுமே என்பதற்காக, தம்பி சொல்லாதே என்றதையும் சொன்னாள். பெரிய ஆட்கள் வந்தால் மங்கின் வாயை மரத்துப் பக்கம் திருப்பி வைப்பது வழக்கம்.

"பெரிய ஆட்கள் என்றால்?"

"மண்டோரு, தொரை, யாரு வந்தாலும்தாங்க."

"போலீஸ் வந்தால்?"

"அவங்க வந்தாலும் வைப்போம்," என்றாள் பஞ்சாலை ஒளிவு மறைவில்லாமல்.

திருநாவுக்கரசு சொன்னதைக் கேட்டுப் போலீஸ் துரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த மொழியை யார் யார் அறிவார்கள்?"

"இது காட்டாளுங்க பாஷைங்க. காட்டாளுங்க எல்லாருக்கும் தெரியும்."

திருநாவுக்கரசின் பேனா நின்றது. அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார். "காட்டில் உள்ளவர்களா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"இதுல யோசிக்க என்னாங்க இருக்கு? காட்டாளு எங்க இருப்பான்? காட்டுலதான் இருப்பான்."

"எத்தனை பேர் இருப்பார்கள்?"

"நூறு பேருக்கு மேலயே இருப்போ..." என்று தொடங்கியவள் இருமல் வந்து நிறுத்தினாள். தண்ணீர் கொடுத்தார்கள்.

திருநாவுக்கரசு இங்கிலீஷில் சொன்னதில் ஜங்கிள் என்ற சொல் மட்டும் அவள் காதில் பிடிபட்டது. பட்டாளத்துக்காரர்கள் அடிக்கடி சொல்லும் சொல்தான். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, கிழங்கு யாருக்காக வைக்கப்பட்டது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் வந்ததே. எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். "அவன் பொண்டாட்டி லெட்சுமிக்குங்க. சாமி சத்தியமா வேற யாருக்கும் இல்லைங்க. வயித்துப்புள்ளக்காரி. பசி தாங்காம விழுந்து விழுந்து எந்திரிக்கிறா."

"அவள் எங்கே இருந்தாள்?"

"காட்டுலதான். அவளும் காட்டாளுதானுங்க. கலியாணத்துக்கு முந்தியிருந்தே காட்டுலதான் கெடக்கிறா, பாவம்."

போலீஸ் துரையும் மொழிபெயர்ப்பாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை இரக்கம் என்று பஞ்சாலை எடுத்துக்கொண்டாள்.

எழுதியதைத் திருநாவுக்கரசு தமிழில் படித்துக் காட்டினார். கானகத்தில் உறைவோர்க்கு உணவு இருக்குமிடத்தை அறிவிக்கும் பொருட்டு மேற்படி சமிக்ஞைகள் என்று ஏதோ போயிற்று. மாரியம்மன் கோவில் திருவிழாவில் ராமாயணம் படிப்பவர்கூட இப்படித்தான் படிப்பார். அவருக்கும் தலையாட்டித்தான் பழக்கம் அவளுக்கு. இதற்கும் தலையாட்டினாள். கட்டைவிரலில் மை தடவி அழுத்தினாள்.

"எந்தம்பி எப்பங்க வருவான்?"

திருநாவுக்கரசு கேட்டுச் சொன்னார். "விசாரணை முடியட்டும் என்கிறார். இங்கே பேசியதை யாரிடமும் சொல்லக் கூடாது. உங்கள் தம்பி மனைவியிடம் கூட. வெளியே ஒரு சொல் போனாலும் அது உங்கள் தம்பிக்குத்தான் கேடு."

"என் வாயிலேர்ந்து மூச்சு வராதுங்க," என்றாள் பஞ்சாலை.

வாழ்நாளில் முதல் தடவையாக அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். லெட்சுமி தினமும் கேட்டாள். "ஏங்க்கா, என்னா சொன்னாங்க? எப்ப விடுவாங்களாம்?" பஞ்சாலை அடுப்பை ஊதிக்கொண்டே, "விடுவாங்க, விடுவாங்க," என்பாள். அவ்வளவுதான். சன்னாசியும் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஒரு மாதம் ஓடியது. அர்ச்சுனனை எந்த ஜெயிலில் வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று. வாயையும் மூடியாயிற்று. இனி அவர்கள் முறை.

காட்டில் யாரும் இப்போது மங்கில் பேசுவதில்லை. இலை செருக ஆளில்லாமல் ஒருத்தியைக் குளவி கொட்டி முகம் வீங்கிப்போனது. அப்படியும் யாரும் மங்கைத் தொடவில்லை.

அன்றைக்கு மழை பெய்து ஓய்ந்த காலை. பட்டை ஈரம் காயட்டும் என்று நேரம் கழித்துத்தான் காட்டுக்கு விட்டார்கள். அர்ச்சுனனின் நிரையைப் பஞ்சாலைக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் பாதி நிரை வெட்டி வந்தபோது, நேர் எதிரே எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் கடைசி மரம் தெரிந்தது. அந்த மரத்தில் ஒரு மங்கின் மேல் இன்னொரு மங்கு மூடியிருந்தது.

பஞ்சாலைக்கு முதலில் நெஞ்சு துள்ளியது. தம்பி வந்துவிட்டானா?

அடுத்த நொடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மேல் மங்கு வெள்ளை வெளேரென்று இருந்தது. பால் பட்ட கறை இல்லை. விளிம்பில் ஒட்டுப்பால் இல்லை. ஸ்டோரிலிருந்து அப்போதுதான் பிரித்தெடுத்த புது மங்கு. மரம் வெட்டுகிற எவனும் அப்படி ஒரு மங்கை வைக்க மாட்டான். அவனிடம் அது இருக்காது.

அப்படியென்றால் வைத்தவர்கள் வேறு. மரத்துக்குப் பக்கத்தில் லாலான் புல் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. காற்று இல்லை. ஆனாலும் புல் ஓரிடத்தில் அசைந்தது.

அப்போதுதான் லெட்சுமியைப் பார்த்தாள்.

பெரிய வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அவள் அந்த மரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். மெல்லத்தான் போனாள், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. மூடின மங்கு அவளுக்கும் தெரிந்துவிட்டது. அதை வைக்கிறவன் உலகத்திலேயே ஒருவன்தான் என்று அவளுக்குத் தெரியும். மங்கின் நிறத்தைப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

பஞ்சாலைக்குத் திருநாவுக்கரசு சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு சொல் வெளியே போனாலும் தம்பிக்குத்தான் கேடு. சத்தம் போட்டால் அர்ச்சுனன் திரும்ப மாட்டான். போடாவிட்டால் இவள் போய் மங்கைத் திறப்பாள்; புல்லுக்குள் இருக்கிறவர்களிடம் துப்பாக்கி இருக்கிறது.

லெட்சுமி கையை நீட்டினாள்.

"லெட்சுமீ! தொடாதடி! காட்டை விட்டு வெளிய வாடி! வெளிய வா!"

லெட்சுமி திடுக்கிட்டுப் பின்வாங்கி ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்தாள். அதே நேரத்தில் துப்பாக்கி வெடித்தது. அவள் தலை இருந்த உயரத்தில் மரப்பட்டை சிதறியது. புல்லுக்குள்ளிருந்து நாலைந்து பேர் எழுந்து ஓடி வந்தார்கள். பஞ்சாலையும் ஓடினாள். இரண்டு பேரையும் சேர்த்தே பிடித்தார்கள்.

மறுபடி அதே ஸ்டேஷன், அதே நாற்காலி. இந்தத் தடவை பஞ்சாலையை யாரும் உட்காரச் சொல்லவில்லை. லெட்சுமியை வெளியே வராந்தா பெஞ்சில் காவலில் வைத்திருந்தார்கள்.

திருநாவுக்கரசு களைத்திருந்தார். "அம்மா, எச்சரிக்கை செய்தும் சத்தமிட்டீர்கள். அந்தப் பெண்ணைக் காட்டை விட்டு வெளியே வரச் சொன்னீர்கள் என்று போலீஸ்காரர்கள் சொல்கிறார்கள். அவள் காட்டிலிருந்து வந்தாள் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களா?"

"பின்ன என்னாங்க? காட்டுல நிக்கிறவளை வேற எப்படிக் கூப்பிடுறது?"

"அவள் நின்றது தோட்டத்தில். ரப்பர் மரங்களுக்கு நடுவில்."

"அதானுங்க காடு!" என்றாள் பஞ்சாலை. அழுகையும் எரிச்சலுமாக வந்தது. "தெனமும் நாங்க வேலைக்குப் போற காடு. தோட்டம்னா லயம், ஸ்டோரு, ஆபீசு, கோயிலு எல்லாம் சேர்ந்ததுங்க. மரம் வெட்டுற எடம் காடு."

மேலே மின்விசிறி கிறீச்சிட்டது.

திருநாவுக்கரசு மெதுவாகக் கேட்டார். "அப்படியென்றால் மரங்கள் கடந்து, எல்லைக்கு அப்பால் இருப்பது?"

"அது ரிம்பா."

"கம்யூனிஸ்டுகளை என்ன சொல்வீர்கள்?"

"ரிம்பாக்காரனுங்க."

"காட்டாள் என்றால்?"

"நான் காட்டாளு. அந்தா உக்காந்திருக்காளே, அவ காட்டாளு. எந்தம்பி காட்டாளு. வெளிவேலை செய்யிற அம்புட்டுப் பேரும் காட்டாளு. ஸ்டோர்ல பாலு காய்ச்சுறவன் ஸ்டோராளு. அய்யாவுக்கு இதுகூடத் தெரியாதுங்களா?"

திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு போலீஸ் துரையிடம் திரும்பி நீளமாகப் பேசினார். பேசப் பேசக் குரல் உயர்ந்தது. தம் மார்பைத் தாமே தொட்டுக் காட்டினார். போலீஸ் துரை சிகரெட்டின் சாம்பலைத் தட்டிக்கொண்டே கேட்டார். நாலைந்து வார்த்தையில் பதில் சொன்னார்.

"என்னாங்க சொல்றாரு?"

"முன்பு சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று கேட்கிறார்."

"ரெண்டுமே பொய் இல்லைங்களே! அன்னைக்கும் இன்னைக்கும் நான் ஒண்ணைத்தானே சொல்றேன்?"

"பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டேன் அம்மா. இத்தனை வருடம் கோர்ட்டில் பிழை விடாதவர் இன்று மட்டும் எப்படி விட்டீர் என்று சிரிக்கிறார். உம்முடைய இனத்துப் பெண் அழுவதைப் பார்த்து மனம் இளகிவிட்டீர் என்கிறார்." அவர் குனிந்து மேசையைப் பார்த்தார். "கர்ப்பிணியை அனுப்பிவிடச் சம்மதித்திருக்கிறார். உங்களையும்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை."

"எந்தம்பி?"

அவர் பேனாவை மூடினார்.

"அய்யா, எந்தம்பி அர்ச்சுனன்? நான் ஒரு மாசமா வாயைத் தொறக்கல. இன்னைக்கு ஒரு வார்த்தை கத்திட்டேன். அதுக்காகவா..."

"இன்று கத்தியதற்காக அல்ல," என்றார் திருநாவுக்கரசு. "உங்கள் கைநாட்டு வைத்த வாக்குமூலம் அன்றே கோலாலம்பூருக்குப் போயிற்று. இங்கே பிறந்தவன் இல்லை என்பதால் நாடு கடத்த உத்தரவாகிவிட்டது. போன வாரம் போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் ஏற்றிவிட்டார்கள். நாகப்பட்டினத்துக்கு."

"போன வாரமா?"

"ஆம்."

"அப்ப இன்னைக்கு அந்த மங்கு?"

"உங்கள் தம்பியின் மனைவியும் அவளோடு வேறு யாரும் ரிம்பாவிலிருந்து வந்தால் பிடிக்க வைத்தது."

பஞ்சாலை மேசையைப் பிடித்துக்கொண்டாள். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அங்கே அவனுக்கு யாரையும் தெரியாது. அங்கே இறங்கி, காட்டு வேலை கொடுங்கள் என்று கேட்டால் அவர்களுக்கு அது என்னவென்று புரியுமா?

திருநாவுக்கரசு எழுந்து அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டார். "மேல்முறையீடு ஒன்று எழுதித் தருகிறேன். நீங்கள் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். கைநாட்டு மட்டும் வைத்தால்..."

அவள் தன் கட்டைவிரலை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டாள்.

வராந்தாவில் ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் தம் பசியாறலிலிருந்து பாதி ரொட்டியை லெட்சுமிக்குக் கொடுத்திருந்தார். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தாள். சேலையெல்லாம் சேறு. பஞ்சாலையைக் கண்டதும் வாய் நிறைய ரொட்டியோடு நிமிர்ந்தாள்.

"என்னாக்கா சொன்னாங்க? அவரு வர்றாரா?"

"இல்லடி," என்றாள் பஞ்சாலை. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கப்பல் ஏத்திட்டாங்க. இந்தியாவுக்கு. போன வாரமே."

லெட்சுமி அவளைப் பார்த்தபடியே இருந்தாள். கண்ணில் நீர் முட்டிக் கன்னத்தில் வழிந்து ரொட்டியில் விழுந்தது. ஆனால் அவள் வாய் மெல்லுவதை நிறுத்தவில்லை. பசி அவ்வளவு. கடைசித் துண்டையும் தின்று விழுங்கிவிட்டு, அதன் பிறகுதான் அவள் வாய் விட்டு அழுதாள்.